டீ மேக்கர் நெல்சனின் வலது கண்

என் வீட்டுக்காரர் நெல்சனுக்கு இந்த உலகத்தில் ஆகாத ஆள் ஒரே ஒருத்திதான். கூடப்பிறந்த தங்கை ஆன்சி. சண்டை கிடையாது, சொத்துத் தகராறு கிடையாது. எஸ்டேட் குவார்ட்டர்ஸில் பிறந்தவர்களுக்குப் பங்கு பிரிக்க என்ன இருக்கிறது? வெறும் பொறாமைதான். அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும். இத்தனை வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

நடுவட்டத்திலிருந்து கூடலூர் இறங்குகிற வழியில் எங்கள் எஸ்டேட் இருக்கிறது. அங்கே ஃபேக்டரியில் அவர் டீ மேக்கர். பறித்து வந்த இலையை வாட்டி, அரைத்து, தரையில் காற்றாட விரித்து வைப்பார்கள். பச்சையாகக் கிடப்பது கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறிச் செம்புச் சிவப்புக்கு வரும். அந்த நிறம் வந்தவுடனே அள்ளி டிரையரில் போட்டுவிட வேண்டும். முந்தினால் பச்சை வாடை அடிக்கும், பிந்தினால் டீ செத்துப்போகும். எப்போது அள்ளுவது என்று டீ மேக்கர் ஒருவர்தான் சொல்லலாம். அவர் குனிந்து பார்த்து "எடு" என்று சொல்லும்வரை எவனும் கை வைக்க மாட்டான். மேனேஜரே பக்கத்தில் நின்றாலும் வாயைத் திறக்க மாட்டார். எங்கள் ஃபேக்டரியில் அது எழுதாத சட்டம். அந்த ஒரு சொல்லில்தான் என் வீட்டுக்காரரின் ராஜாங்கமே இருந்தது. குன்னூர் ஏலத்தில் எங்கள் எஸ்டேட் தூளுக்கு நல்ல பேர் என்றால், அது நெல்சனின் கண்ணுக்குக் கிடைத்த பேர்.

கண் என்று ஒருமையில் சொன்னது தெரிந்துதான். அவருக்கு இடது கண் பிறவியிலேயே மங்கல். எல்லாப் பார்வையும் வலது கண்ணில்தான். இடது கண்ணை அவர் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

இனி ஆன்சி. ஊட்டியில் காலேஜ், கோயமுத்தூரில் மேல்படிப்பு, அப்புறம் ஹைதராபாத்தில் ஆராய்ச்சி என்று படிப்படியாக ஏறிப் போனவள். கண்ணில் அழற்சி வந்தால் உள்ளே இருக்கிற நரம்பு செல்கள் ஏன் சாகின்றன என்பது அவள் ஆராய்ச்சி. பேருக்கு முன்னால் டாக்டர் வந்ததும் எஸ்டேட் ஜனம் அவளைக் கண் டாக்டராக்கிவிட்டது. ஊருக்கு வந்தால் போதும், கண்ணில் பூ விழுந்தவர்கள், பீளை கட்டியவர்கள் எல்லாம் வாசலில் நிற்பார்கள். "நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லீங்க, லேபுல எலிய வெச்சு ஆராய்ச்சி பண்றேன்" என்று அவளும் சளைக்காமல் சொல்வாள். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் வாயில் அவள் பேர் எலி டாக்டர். அவளைப் பற்றிப் பேப்பரில் படத்தோடு ஒரு செய்தி வந்தது. யாரோ அதை வெட்டி ஃபேக்டரி நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்தார்கள். மறுநாள் அதே இடத்தில், சரியாக அவள் முகத்தின் மேல், போனஸ் பற்றிய சர்க்குலர் தொங்கியது. குத்தியது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது?

இன்னொரு கதையும் உண்டு. தங்கையைப் படிக்க வைக்க வேண்டும் என்று நெல்சன் தன் படிப்பை விட்டான் என்று ஊரில் சொல்வார்கள். சர்ச்சில் ஆயர் ஒருமுறை பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். இவரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். உண்மை என்னவென்றால், பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி போய்விட்டது. திரும்ப எழுதினார், திரும்பவும் போனது. மாமனார் கையைப் பிடித்து ஃபேக்டரியில் கொண்டுபோய் விட்டார். ஆன்சி அப்போது எட்டாம் வகுப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்காக எவனாவது கெமிஸ்ட்ரியைத் தியாகம் செய்வானா? ஆன்சிக்கும் இது தெரியும். அவள் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. அதிலும் இவருக்கு எரிச்சல்.

எனக்கு மட்டும் ஆன்சி மேல் பாசம் பொங்கி வழிகிறது என்று நினைத்துவிட வேண்டாம். நானும் பி.ஏ., பி.எட். முடித்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள். என் மாமியார் என்னை "டீச்சரு" என்று அழைப்பதற்கும், அவளை "எங்க ஆன்சி" என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு மலையே இருக்கிறது. அலமாரியில் பூப்போட்ட பீங்கான் தட்டுகள் ஆறு உண்டு. அவள் வந்தால்தான் வெளியே வரும். கழுவி வைப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு அவள் வந்தபோது, ஆராதனை முடிந்ததும் ஆயர் அவளைப் பேசச் சொன்னார். அவள் மைக்கைப் பிடித்ததும் இவர் எழுந்து வெளியே போய்விட்டார். பைக்கை யாரோ இடிக்கிறார்களாம். நான் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் பேசினாள், அதுதான் கஷ்டம்.

"கண்ணு பாக்கறத மூளைக்குக் கொண்டு போறதுக்குன்னே லட்சக்கணக்குல நரம்பு செல்லுங்க இருக்குதுங்க. உடம்புல கிருமி பூந்தா வெரட்டறதுக்குக் காவல் செல்லுங்களும் இருக்குது. வீட்டு நாய் மாதிரின்னு வெச்சுக்குங்க. திருடன் வந்தா கொரைக்கோணும், கடிக்கோணும். திருடன் போன பொறவும் அடங்காம ஊட்டு ஆளுங்களையே கடிச்சா என்ன பண்றது? சில பேருக்குத் திருடனே வராமயும் கடிக்குது. கண்ணுக்குள்ள அப்படி ஆவறப்ப நரம்பு செல்லு சாவுது. செத்தது மறுபடி மொளைக்காது. அந்த நாய எப்படி அடக்கறதுன்னுதான் நாங்க பாத்துட்டு இருக்கறோம்."

கடைசியில் ஒன்று சொன்னாள். "திடீர்னு ஒரு கண்ணு மங்கி, கண்ண உருட்டறப்ப வலிச்சு, செவப்பு மட்டும் வெளுத்துத் தெரிஞ்சா சளின்னு நெனச்சு உக்காந்துக்காதீங்க. ஒரு கண்ணப் பொத்திட்டு ஒரு செவப்பு சாமானப் பாருங்க. அப்பறம் அந்தக் கண்ணப் பொத்திட்டுப் பாருங்க. வித்தியாசம் இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. சில பேருக்கு ஒவ்வொரு நாளும் கணக்குதான்."

கூட்டம் கைதட்டியது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நான் பேசியபோது அவள் தூங்கியது ஞாபகம் வந்தது.

ஜனவரியில் உறைபனி விழுந்து செடி கருகி, பிப்ரவரி பாதியில்தான் நல்ல இலை வர ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில் குன்னூர் புரோக்கரிடமிருந்து மேனேஜருக்கு போன். தூள் சப்பென்று இருக்கிறது, தண்ணீரில் நிறம் செத்துக் கிடக்கிறது, நெல்சன் லீவில் போய்விட்டாரா என்று கேட்டிருக்கிறார். இவர் வீட்டுக்கு வந்து குதித்தார். இலை சரியில்லை, பனி அடித்த இலை. மெஷின் சரியில்லை, பல் தேய்ந்துவிட்டது. முத்துராஜ் சரியில்லை, விரிக்கத் தெரியவில்லை. முத்துராஜ் என்பவர் இவருக்கு அடுத்த நிலையில் இருக்கிற உதவி டீ மேக்கர், இவர் வயதுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மனசுக்குள்தான்.

கூடவே ஒரு தலைவலி. வலது கண் பக்கம் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தார். டிரையர் சூடு என்றார். அப்புறம் சளி என்றார். கூடலூர் போய்க் கடையில் ஒரு கண்ணாடியும் வாங்கி வந்தார். மாட்டுகிறார், கழற்றுகிறார், துடைக்கிறார், திரும்ப மாட்டுகிறார்.

ஒரு சாயங்காலம் முத்துராஜ் வீட்டுக்கு வந்தார். இவர் குளிக்கப் போயிருந்தார். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு மெதுவாகப் பேசினார்.

"டீச்சருங்க, அண்ணனுக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"ஏனுங்க?"

"இலை நல்லா செவந்து கருக்கத் தொடங்கிருதுங்க. அண்ணே எடுக்கலாமுங்களான்னா, இன்னும் செவக்கலடாங்கறாரு. மோந்து மோந்து பாக்கறாரு. நான் எடுன்னு சொல்ல முடியுங்களா? டீ மேக்கர் அவருதானுங்களே."

அவர் போன பிறகும் எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது மறுநாள் காலையில். பள்ளிக்கூடத்துக்குப் போகிற அவசரத்தில் மிளகாயைத் தாராளமாகப் போட்டுத் தக்காளிச் சட்னி அரைத்திருந்தேன். ரத்தச் சிவப்பாக இருந்தது. இவர் தட்டைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏம்புள்ள, தக்காளி பழுக்கலையா? சட்னி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது?"

முதலில் கோபம்தான் வந்தது. சமையலைக் குறை சொன்னால் எனக்கு ஆகாது. பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஆன்சி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணுக்கு முன்னால் வந்தது. ஊறுகாய் ஜாடியின் சிவப்பு மூடியைத் திருகி எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஏனுங்க, இடது கண்ணப் பொத்திக்கிட்டு இதப் பாருங்க."

"என்ன வெளையாட்டு இது?"

"பாருங்கன்னா பாருங்க."

பார்த்தார். பிறகு நான் சொல்லாமலே கையை மாற்றி வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, மதிக்காமல் போட்டிருந்த அந்த மங்கல் கண்ணால் பார்த்தார். மூடியைக் கோணலாக ஜாடியில் அழுத்தி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"ஆன்சிக்கு போன் போடப் போறேன்" என்றேன்.

"போட்டீனா பாத்துக்க. அவகிட்டப் போயி நிக்கறதுக்குக் குருடனாவே கெடந்துக்கறேன்."

அவர் ஃபேக்டரிப் பாதையில் இறங்கும்வரை நின்று பார்த்தேன். பிறகு போட்டேன். அவளிடம் உதவி கேட்பது எனக்கும் பாகற்காய்தான். அவள் எடுத்ததும் சுகம் விசாரிக்காமல் நேராக விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தன நாளாச்சு அண்ணி?"

"தைலம் தேய்க்க ஆரம்பிச்சு மூணு வாரம் இருக்கும்."

அவள் குரல் மாறிவிட்டது, ஆபீசில் பேசுகிற மாதிரி. "இப்பவே கெளம்பிக் கோயமுத்தூர் வாங்க. ஆஸ்பத்திரில நான் சொல்லி வெக்கறேன். வர மாட்டேன்னா முத்துராஜண்ணன விட்டுத் தூக்கிட்டு வாங்க."

தூக்கத்தான் வேண்டியிருந்தது. மேனேஜரிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். அவர் எஸ்டேட் ஜீப்பைக் கொடுத்தார். இவரை முன் சீட்டில் நடுவில் வைத்து, முத்துராஜும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். பைக்காரா தாண்டும்வரை திட்டினார், ஊட்டி தாண்டியதும் அடங்கினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆன்சி எங்களுக்கு முன்னால் வந்து நின்றாள். விமானத்தில் வந்திருக்கிறாள். கசங்காத சுடிதார். பெரிய டாக்டர் அவளை மேடம் என்கிறார். நான் காலையில் சட்னி அரைத்த அதே சேலையோடு, ஜீப்பில் குலுங்கி, வாந்தி எடுத்து, முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. எரிந்ததை எரிந்தது என்றுதானே சொல்ல வேண்டும்?

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்தது. பார்வை நரம்பில் அழற்சி. ஆன்சி எலிகளில் பார்த்துக்கொண்டிருந்த அதே சங்கதி. அன்றே ஸ்டீராய்டு ஏற்றத் தொடங்கினார்கள். "ஒங்க தங்கச்சி எழுதுன கட்டுரைய நாங்க படிச்சிருக்கோம், நீங்க கொடுத்து வெச்சவரு" என்றார் டாக்டர். கையில் ஊசியோடு படுத்திருந்த இவர் உடனே, "இவளப் படிக்க வெச்சதே நாந்தானுங்க" என்றார். ஆன்சி, "ஆமாங்க டாக்டர்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் போன பிறகு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, நான் சர்ச்சுல இதத்தான சொன்னேன். நீங்க வெளிய போயிட்டீங்க. கேட்டிருந்தீங்கன்னா மொத நாளே தெரிஞ்சிருக்கும்."

இவர் டைல்ஸ் ஒட்டிய சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டேன்."

"என்ன?"

"ஸ்பீக்கரு வெளியவுந்தான கட்டியிருக்குது. பூராவுங் கேட்டேன். வலி வந்த அன்னைக்கே ஃபேக்டரில செவப்பு பக்கெட்ட வெச்சுப் பாத்துட்டேன்."

அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் தைலம் தேய்த்திருக்கிறார், கண்ணாடி வாங்கியிருக்கிறார், சிவப்புத் தெரியாமல் இலையை மோந்து பார்த்து "எடு" என்று சொல்லியிருக்கிறார். தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிரிக்குச் சகுனத் தடை செய்கிற ஆளைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த ஆளோடு குடும்பம் நடத்துகிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கையில் இருந்த பிளாஸ்க்கை வீசியிருப்பேன், அதில் அவருக்குக் கஞ்சி இருந்தது.

"ஏண்ணா?" என்றாள் ஆன்சி. அவ்வளவுதான் அவளால் கேட்க முடிந்தது.

"ஏன்னு கேக்கறியா? ஒலகத்துல எத்தன வியாதி இருக்குது. சக்கர இருக்குது, பிரசரு இருக்குது. எனக்கு உன்ற வியாதிதான் வரோணுமா? அதத் தூக்கிக்கிட்டு உங்கிட்ட வந்து நிக்கோணுமா நான்?"

அவள் டிரிப் பாட்டிலைப் பார்த்து, ஓட்டத்தைக் கொஞ்சம் சரி செய்தாள்.

பார்வை திரும்பியது. ஆள் முகம் தெரிகிறது, பஸ் போர்டு தெரிகிறது, பேப்பரில் பெரிய எழுத்துத் தெரிகிறது. குருடாக வேண்டிய கண் இந்த அளவுக்கு வந்ததே பெரிது என்றார்கள். சிவப்பு மட்டும் வரவில்லை. அதை அழுக்குத் துணி வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது என்றார். இடது கண்ணுக்குச் சிவப்புத் தெரிந்தாலும் இலையின் பதம் பிடிபடாது. மேனேஜர் நல்ல மனுஷன், வேலையை விட்டு அனுப்பவில்லை. பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றினார். முத்துராஜ் டீ மேக்கர் ஆனார். இவர் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த கட்டிடத்திலிருந்து முத்துராஜ் "எடு" என்று குரல் கொடுப்பதைத் தினமும் கேட்கிறார். குரல் பத்தாது என்கிறார். முந்தி எடுக்கிறான் என்கிறார். குன்னூரில் தூளுக்குப் பழைய பேர் திரும்பி வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று சாப்பிடவில்லை.

மே மாதம் ஆன்சி ஒரு வாரம் லீவில் வந்தாள். பீங்கான் தட்டுகள் இறங்கின. கோழிக்குழம்பு வைத்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தபோது இவர் பேச்சை எடுத்தார். பத்து வருடத்தில் முதன்முறையாக அவள் வேலையைப் பற்றித் தானாகக் கேட்டார்.

"ஆன்சி, அந்தச் செத்துப்போன செல்லுக்கு மருந்து எப்ப வரும்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் எதைச் சொல்வது?

"அண்ணா, நாங்க பாக்கறது சாவாமக் காப்பாத்தறதுக்கு. அழற்சி ஓடிட்டு இருக்கறப்பவே நிறுத்தறதுக்கு. செத்தத எழுப்பறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"வேற யாருகிட்டயாச்சும்?"

"வேற சில பேரு பாத்துட்டு இருக்கறாங்க. இன்னும் யாருக்கும் கைகூடல. எனக்குத் தெரியாதுண்ணா. நெஜமாவே எனக்குத் தெரியாது."

தனக்குத் தெரியாது என்று ஆன்சி சொல்லி இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அந்தச் சொல்லைக் கேட்க என் வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். கேட்டுவிட்டார். அவர் முகத்தில் கொஞ்சமாவது சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தேன். ஊர்ப் பெண்கள் யாருக்கும் கிடைக்காத மரியாதை எல்லாம் கிடைத்த அவள், எச்சில் கையோடு உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு மெல்ல மெல்ல அந்தப் பழைய கோபம் ஏறியது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஏ, அழுவாத. அழுதா ஆச்சா? லீவு எத்தன நாளு?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும்."

"ஒண்ணும் வேண்டாம். நாளைக்கே கெளம்பு."

"அண்ணா..."

"ஒண்ணும் இல்லியாம், தெரியாதாம். அப்பறம் எதுக்கு நான் இத்தன வருஷம் உம்மேல வயிறெரிஞ்சேன்? சும்மாவா? போ. போயிக் கண்டுபுடி."

என்னை அவர் எதற்கும் அப்படி விரட்டியதில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, சொன்னால் சிரிப்பீர்கள், பொறாமையாகத்தான் இருந்தது. ஆன்சி மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டாள்.